அடிபட்ட பிள்ளையை ஆடவும் விடாதீர்கள், அறைக்குள் அடைக்கவும் விடாதீர்கள்

கொழும்புப் பாடசாலைகளின் அதிபர்களுக்கும், விளையாட்டுப் பொறுப்பாசிரியர்களுக்கும், பயிற்றுநர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே,

வணக்கம். நான் கொழும்பில் வேலை செய்யும் ஓர் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்). றக்பி, கிரிக்கெட், காற்பந்து, வலைப்பந்து என்று பாடசாலை விளையாட்டில் காயப்பட்ட பிள்ளைகளோடுதான் என் பொழுதில் பெரும்பகுதி போகிறது. முழங்கால் காயத்தைப் பற்றி உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை. காலில் கட்டு இருக்கும், பிள்ளை நொண்டி நடக்கும், அதைப் பார்த்து ஓடு என்று ஒருவரும் சொல்லப்போவதில்லை. இந்த மடல் கட்டும் வீக்கமும் வெளியே தெரியாத ஒரு காயத்தைப் பற்றியது. தலையில் அடிபட்டு, அல்லது உடம்பில் விழுந்த இடியில் தலை குலுங்கி, மூளை அதிர்ந்துபோவது. வைத்தியர்கள் கன்கஷன் என்பார்கள்.

இந்தக் காயத்தோடு வரும் பிள்ளைகளை இரண்டு விதமாகப் பார்க்கிறேன். அடிபட்ட அன்றே திரும்ப விளையாடியவர்கள், அல்லது நாலைந்து நாளில் முழுப் பயிற்சிக்குக் கூப்பிடப்பட்டவர்கள் ஒரு பக்கம். அடிபட்ட நாள் தொட்டுத் திரைச்சீலை மூடிய அறையில் வாரக்கணக்காகப் படுக்கவைக்கப்பட்டவர்கள் மறுபக்கம். முதலாவது பிழை என்பது உங்களில் பலருக்குத் தெரியும். இரண்டாவதும் பிழைதான் என்ற செய்தி இன்னும் எங்கள் பாடசாலைகளுக்கும் வீடுகளுக்கும் சரியாக வந்து சேரவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் அடிபட்ட அன்றைய நாளைப் பேசி முடித்துவிடுவோம், அதில் பேரம் பேச ஒன்றுமில்லை. தலையில் அடிபட்டு கன்கஷன் என்று சந்தேகம் வந்தால் அன்றைக்கு அந்தப் பிள்ளை மைதானத்துக்குத் திரும்பக் கூடாது. மயங்கி விழவில்லையே என்பது சமாதானம் இல்லை, கன்கஷன் வந்தவர்களில் பெரும்பாலானோர் மயங்குவதே இல்லை. ஹெல்மெட் போட்டிருந்தான், றக்பித் தொப்பி போட்டிருந்தான் என்பதும் சமாதானம் இல்லை. மண்டை உடையாமலும் தோல் கிழியாமலும் அவை காப்பாற்றலாம், உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது. இலக்கைப் பார்க்காமல் வெறித்துப் பார்ப்பது, கால் தள்ளாடுவது, ஸ்கோர் என்ன, எந்தப் பக்கம் நாங்கள் என்று தெரியாமல் நிற்பது, கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பது, தலையிடி, குமட்டல், வெளிச்சம் கூசுவது, காரணமில்லாமல் அழுகையோ எரிச்சலோ வருவது, இவற்றில் ஒன்று போதும் வெளியே கூப்பிட.

திரும்பத் திரும்ப வாந்தி, நேரம் போகப் போகக் கூடும் தலையிடி, வலிப்பு, கை கால் பலமில்லாமல் போவது அல்லது மரத்துப்போவது, இரட்டையாகத் தெரிவது, கழுத்து வலி, தூக்கக் கலக்கம் கூடிக்கொண்டே போவது என்றால் காத்திருக்காமல் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. கழுத்தில் வலி என்றால் அவர்கள் வரும்வரை பிள்ளையை அசைக்க வேண்டாம். பெற்றோரைக் கூப்பிட்டு ஓட்டோவில் ஏற்றி அனுப்பிவிடும் பழக்கத்தை இந்த ஒரு விசயத்திலாவது நிறுத்துங்கள்.

2019 பெப்ரவரியில் கன்பரா டெஸ்டில் பெட் கமின்ஸின் பவுன்சர் பிடரியில் பட்டு திமுத் கருணாரத்னவை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனதையும், அவர் மறுநாள் வந்து அரைச்சதம் அடித்ததையும் நம் பையன்கள் எல்லாருக்கும் தெரியும். அதை வீரக் கதையாகச் சொல்லிக் காட்டும் பெரியவர்களும் உண்டு. அவரை வைத்தியசாலையில் பரிசோதித்த பிறகுதான் ஆட விட்டார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு. அதே ஆண்டு ஓகஸ்டில் லோர்ட்ஸில் நடந்ததையும் சொல்லுங்கள். ஜொஃப்ரா ஆர்ச்சரின் பந்து ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் பட்டது. அணி வைத்தியர் பார்த்தார், சோதனைகளில் தேறினார், ஒரு மணித்தியாலத்துக்குள் திரும்ப வந்து ஆடி 92 ஓட்டங்கள் எடுத்தார். அடுத்த நாள் காலையில்தான் தலையிடியும் மந்தமும் தெரிந்தன. போட்டியிலிருந்து விலக்கினார்கள், மார்னஸ் லபுஷேன் டெஸ்ட் வரலாற்றின் முதலாவது கன்கஷன் மாற்று வீரராக இறங்கினார், அடுத்த டெஸ்டிலும் ஸ்மித் இல்லை. வைத்தியர்கள் சூழ நின்ற இடத்திலேயே அறிகுறி ஒரு இரவு ஒளிந்திருந்தது. எங்கள் மைதானங்களில் எல்லைக் கோட்டருகே நிற்பது பெரும்பாலும் ஒரு ஐஸ் பெட்டியும் ஒரு தண்ணீர்ப் போத்தலும்தான்.

குணமாகாத மூளையில் இன்னொரு அடி விழுந்தால் அரிதாக மூளை வேகமாக வீங்கி உயிரே போயிருக்கிறது. அப்படிப் போனவர்களில் அதிகம் பேர் இளவயதினர். அரிது என்பதால் அதை வைத்து யாரையும் பயமுறுத்த நான் விரும்பவில்லை. ஆனால் அந்த ஒரு காரணமே அன்றைய ஆட்டத்தை நிறுத்தப் போதுமானது.

சரி, இனி என் மனதை அரிக்கும் மற்ற விசயத்துக்கு வருகிறேன்.

வெள்ளவத்தையில் ஒரு மாடிக் குடியிருப்பு. வலைப்பந்து விளையாடும்போது பந்துக்குப் பாய்ந்து இரும்புக் கம்பத்தில் தலை மோதிய பிள்ளை, பதினாறு வயது. ஸ்கேன் எடுத்தார்கள், எல்லாம் நோர்மல். ஓய்வெடுக்கச் சொல்லி அனுப்பினார்கள். எவ்வளவு ஓய்வு, எத்தனை நாள், பிறகு என்ன என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் போனபோது ஜன்னலில் திரைச்சீலைக்கு மேலே படுக்கை விரிப்பையும் தொங்கவிட்டிருந்தார்கள். மேசையில் பனடோல் அட்டை, சித்தாலேப போத்தல், யாரோ கொண்டுவந்த நேர்த்தித் திருநீறு. "வெளிச்சம் படக் கூடாதெண்டு சொன்னவை, மிஸ்" என்றார் அம்மா. போன் இல்லை, நண்பர்கள் இல்லை, குளியலறைக்குப் போகும்போது மட்டும் நடை. பிள்ளை எழுந்து நின்றால் தலை சுற்றியது. அது காயத்தால் வந்த சுற்றலா, வாரக்கணக்காகப் படுத்திருந்ததால் வந்ததா என்று பிரிக்கவே முடியாத நிலை. பிள்ளை என்னிடம் கேட்ட முதல் கேள்வி தலையிடியைப் பற்றியது இல்லை. "டீமில என்ர இடம் போயிட்டுதா மிஸ்?"

அந்த அம்மாவிடம் குறை சொல்ல எதுவும் இல்லை. ஒரு காலத்தில் நிபுணர்களே அப்படித்தான் சொன்னார்கள், எல்லா அறிகுறியும் போகும்வரை முழு ஓய்வு என்று. 2015இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அடிபட்ட இளையோரை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதியினரை ஐந்து நாள் கடும் ஓய்விலும் மற்றவர்களை ஓரிரு நாள் ஓய்விலும் வைத்துப் பார்த்தார்கள். அதிகம் ஓய்வெடுத்தவர்கள்தான் அதிகம் அறிகுறி சொன்னார்கள். பஃபலோ பல்கலைக்கழகத்தில் ஜோன் லெடியும் அவரது குழுவினரும் இன்னும் ஒரு படி போனார்கள். 13 முதல் 18 வயது வரையான 103 பேரில் பாதிப் பேருக்கு நாளுக்கு ஏறத்தாழ 20 நிமிடம், இதயத் துடிப்பைக் கூட்டும் மிதமான ஏரோபிக் பயிற்சி, மற்றவர்களுக்கு உடலை இழுத்து நீட்டும் பயிற்சி மட்டும். 2019இல் வெளியான முடிவில், முதல் பகுதியினர் குணமாக எடுத்த இடைநிலைக் காலம், அதாவது பாதிப் பேர் குணமாகிவிட்ட காலம், 13 நாள், மற்றவர்களுக்கு 17 நாள். 2022 ஒக்டோபரில் அம்ஸ்டர்டாமில் கூடிய உலக நிபுணர்கள் இதையே வழிகாட்டலாக்கி அடுத்த ஆண்டு வெளியிட்டார்கள். முதல் 24 முதல் 48 மணித்தியாலம் வரை ஓரளவு ஓய்வு, அந்த நாட்களில் போன், கணினித் திரை குறைவாக. அப்புறம் நடக்க வேண்டும். தலையிடி முழுதாகப் போகட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

காரணம் இதுதான். மூளை அதிரும்போது நரம்புக் கலங்களுக்குள்ளே உப்புகளின் சமநிலை குழம்பிவிடுகிறது. அதைச் சரிசெய்யக் கலங்களுக்கு வழமையை விட அதிக சக்தி வேண்டும், ஆனால் அதே நேரத்தில் அங்கே போகும் இரத்த ஓட்டம் குறைந்திருக்கும். 2022இல் பெற்றோல் வரிசைகளில் நின்ற வாகனங்களைப் போல, பிழை ஒன்றும் இல்லை, எரிபொருள்தான் இல்லை. சீ.டி. ஸ்கேன் காட்டுவது இரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும்தான், இந்தச் சக்திக் குறைவு அதில் தெரியாது. அதனால் நோர்மல் ஸ்கேனைக் காட்டி விளையாட விடச் சொல்லும் பெற்றோருக்கு நீங்கள் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அதோடு இதயத் துடிப்பையும் இரத்த ஓட்டத்தையும் தானாக ஒழுங்குபடுத்தும் நரம்பு மண்டலமும் குழம்பியிருக்கும். படி ஏறினாலே தலை இடிப்பது அதனால்தான். மெல்ல மெல்லக் கூட்டிச் செய்யும் பயிற்சி அந்த ஒழுங்கைத் திரும்பப் பழக்குகிறது. படுத்தே கிடந்தால் அது இன்னும் தளர்ந்துபோகிறது, தூக்கமும் மனமும் சேர்ந்து கெடுகின்றன.

அந்தப் பிள்ளையை முதலில் கீழ்த்தளம் வரைக்கும், அப்புறம் மரைன் டிரைவுக்கும் கூட்டிப்போனோம். காலை ஆறு மணி, வெயில் ஏறமுன். புறப்படும்போது தலையிடிக்குப் பத்தில் எத்தனை புள்ளி என்று கேட்டேன், மூன்று என்றது. சாதாரண நடை. நடுவே நிறுத்தி மணிக்கட்டில் விரல் வைத்து 15 செக்கன் நாடியை எண்ணி நாலால் பெருக்கச் சொல்லிக்கொடுத்தேன். கடலோரத் தண்டவாளத்தில் ரயில் வந்தபோது இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கண்ணை மூடி நின்றது, ரயில் போன பிறகும் கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. அப்போது தலையிடி ஐந்து. சற்று உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினோம். வீட்டில் தேநீர் குடித்து முடிக்கும்போது மறுபடி மூன்று.

கைக்கொள்ள வேண்டிய அளவு அவ்வளவுதான். பயிற்சியின்போது அறிகுறி பத்துப் புள்ளி அளவில் இரண்டு புள்ளி வரை கூடலாம், ஒரு மணித்தியாலத்துக்குள் பழைய நிலைக்கு இறங்க வேண்டும். அதற்கு மேல் கூடினால் அன்றைக்கு நிறுத்துங்கள், நாளைக்கு இன்னும் இலேசாகத் தொடங்குங்கள். கொஞ்சம் தலை இடித்தால் மூளை மறுபடி காயப்படுகிறது என்று அர்த்தம் இல்லை. இதைப் பெற்றோருக்கு நேரில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் முதல் தலையிடியோடு பிள்ளை திரும்பவும் இருட்டறைக்குப் போய்விடும்.

வேகத்துக்கும் அளவு உண்டு. 220இல் வயதைக் கழித்தால் அதிகபட்ச இதயத் துடிப்பு உத்தேசமாகக் கிடைக்கும். பதினாறு வயதுக்கு 204. இலேசான கட்டத்தில் அதில் 55 சதவீதம், அதாவது நிமிடத்துக்கு 112 அளவில் இருக்கட்டும். பிறகு 70 சதவீதம், 143 வரை. 15 செக்கனில் எண்ணினால் 28, பிறகு 35. மைதானத்து மூலையில் ஒரு பழைய நிலைச் சைக்கிள் இருந்தால் நடப்பதை விட நல்லது, தலை குலுங்காது, விழும் பயமும் இல்லை. வாகனம் நிறைந்த காலி வீதியில் சைக்கிள் ஓட்டுவது வேண்டாம். தலைச்சுற்றல் இருக்கும்வரை கடலிலோ குளத்திலோ தனியே நீந்துவதும் வேண்டாம். மூச்சைப் பிடித்துப் பாரம் தூக்குவது, கயிறு அடிப்பது, குட்டிக்கரணம் எல்லாம் பிந்தித்தான்.

இந்த இலேசான கட்டங்கள் முடிந்ததும் தனியாக ஓட்டம், தனியாகப் பந்து. தலையில் அடிபட வாய்ப்பே இல்லாத விதத்தில் திசை மாற்றி ஓடுவது, சுவரில் பந்தெறிந்து பிடிப்பது. அதற்கு அடுத்ததாகத்தான் அணியோடு, உடல் மோதாத பயிற்சி. அந்த வாசலில் ஒரு பூட்டுப் போடுங்கள். ஓடும்போதும் ஓடி முடித்த பிறகும் ஓர் அறிகுறியும் இல்லை என்ற நிலை வர வேண்டும், வைத்தியர் பார்த்து அனுமதி எழுத வேண்டும், அதுவரை அணிப் பயிற்சி கிடையாது. பிறகு மோதல் உள்ள முழுப் பயிற்சி, கடைசியாகப் போட்டி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு முழு நாள். அணிப் பயிற்சி தொடங்கிய பிறகு அறிகுறி திரும்பினால், தனியாக ஓடும் படிக்கே திரும்பிப் போக வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் நாலு வாரத்துக்குள் தேறிவிடுவார்கள். பத்து நாள் தாண்டியும் தலைச்சுற்றலோ கழுத்து வலியோ தலையிடியோ விடாவிட்டால் கழுத்தையும் உட்காதின் சமநிலையையும் பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் அனுப்புங்கள். அதற்கு நல்ல பயிற்சிகள் இருக்கின்றன.

வெளிநாட்டு வழிகாட்டலில் இல்லாத ஒன்றை நான் சொல்ல வேண்டும், அது கொழும்பு வெயில். பாடசாலை விடுவது ஒன்றரைக்கு, பயிற்சி தொடங்குவது இரண்டு இரண்டரைக்கு. அந்த நேரத்தில், புழுக்கத்தில், சும்மா நின்றாலே நாடி ஏறிவிடும், ஒன்றும் இல்லாத பிள்ளைக்கே தலை இடிக்கும். குணமாகிவரும் பிள்ளைக்கு அந்த நேரம் உதவாது. காலைக் கூட்டத்துக்கு முன் இருபது நிமிடம், அல்லது ஐந்து மணிக்குப் பிறகு. இல்லையென்றால் மின்விசிறியுள்ள மண்டபத்தில் சைக்கிள். நோன்பு இருக்கும் பிள்ளை, வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கும் பிள்ளை என்றால் சாப்பிட்டுத் தண்ணீர் குடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மற்றப் பிள்ளைகள் மோதி விளையாடும் இடத்திலிருந்து விலகி இருக்கட்டும். பயிற்சிக்கு வந்தவன் கடைசி ஐந்து நிமிடம் கோல் காக்கிறேன் என்று இறங்குவதை எத்தனையோ தரம் கேள்விப்பட்டிருக்கிறேன்.

வகுப்பறையும் இதில் அடங்கும். தலையில் அடிபட்ட பிள்ளைக்கு எட்டுப் பாடவேளையும், அதற்கு மேல் பம்பலப்பிட்டியிலோ வெள்ளவத்தையிலோ இரவு எட்டு மணி வரை டியூஷனும் ஒரே நாளில் தாங்காது. முதல் வாரம் அரை நாள் வரட்டும், இடையில் அமைதியான இடத்தில் பதினைந்து நிமிடம் கண்ணை மூடட்டும், அந்த வாரத் தவணைப் பரீட்சையைப் பிந்தி எழுதட்டும். சாதாரண தர வகுப்பு என்றால் பெற்றோர் பதறுவார்கள், அதிபர் ஒரு வார்த்தை சொன்னால் அடங்குவார்கள். முழு நாள் பாடசாலையைத் தாங்காத பிள்ளை மோதல் விளையாட்டுக்குத் திரும்பக் கூடாது.

இதில் எதற்கும் பெரிய காசு தேவையில்லை. ஆனால் பாடசாலை ஒன்றைச் செய்யாவிட்டால் மற்றதெல்லாம் வீண். பிள்ளைகள் மறைக்கிறார்கள். கலர்ஸ் விருது, பிக் மெச், முதல் பதினைந்தில் இடம், எல்லாம் கண் முன்னே நிற்கும்போது தலையிடிக்கிறது என்று எந்தப் பிள்ளை சொல்லும்? எல்லைக் கோட்டில் நின்று "ஓகேயா?" என்று கேட்டால் "ஓகே சேர்" என்றுதான் பதில் வரும். அந்தப் பதிலை நம்பி முடிவெடுக்காதீர்கள். பருவம் தொடங்கும்போதே அணியைக் கூட்டிவைத்து, தலைக்காயம் என்று வெளியே வந்தவரின் இடம் அவர் திரும்பும்வரை அப்படியே இருக்கும் என்று சொல்லுங்கள். சொன்னதைக் காப்பாற்றுங்கள். குணமாகும் நாட்களில் பிள்ளை ஜேர்ஸியைப் போட்டுக்கொண்டு அணியோடு இருக்கட்டும், ஸ்கோர் எழுதட்டும். தன் இருபது நிமிட நடையை மைதானத்தைச் சுற்றியே நடக்கட்டும்.

நான் கேட்பது இவ்வளவுதான். ஒவ்வொரு பாடசாலையிலும் இதற்கென்று ஓர் ஆசிரியரை நியமியுங்கள், வெற்றி தோல்வியில் சம்பந்தப்படாத ஒருவரை. ஒரு போட்டியில் யாரையும் வெளியே கூப்பிடும் அதிகாரம் அவருக்கு இருக்கட்டும், பயிற்றுநர் அதை மறுக்க முடியாது என்று எழுத்தில் வையுங்கள். கன்கஷனை அடையாளம் காணும் ஆறாம் பதிப்புக் கருவி (Concussion Recognition Tool 6) இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, வைத்தியர் அல்லாதவர்கள் பாவிக்கவே அதை ஆக்கியிருக்கிறார்கள். அதை அச்சிட்டு முதலுதவிப் பெட்டிக்குள் வையுங்கள். அடிபட்ட பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும்போது பெற்றோர் கையில் ஒரு தாள் போகட்டும், தமிழிலும் சிங்களத்திலும்: எந்த அறிகுறி வந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போவது, முதல் இரண்டு நாள் என்ன செய்வது, மூன்றாம் நாள் எவ்வளவு நடப்பது, யாருக்குப் போன் பண்ணுவது. அந்த வெள்ளவத்தைப் பிள்ளையின் கையில் அப்படி ஒரு தாள் இருந்திருந்தால் ஜன்னலில் படுக்கை விரிப்பு ஏறியிருக்காது.

அந்தத் தாளைத் தயாரிக்க நான் உதவுவேன். சனிக்கிழமைக் காலைகளில் எந்தப் பாடசாலைக்கும், எந்த மொழிமூலம் என்றாலும், கட்டணம் இல்லாமல் வந்து பயிற்றுநர்களுக்கும் பொறுப்பாசிரியர்களுக்கும் நாடி எண்ணுவது முதல் படி படியாகக் கூட்டுவது வரை செய்து காட்டுவேன். ஒரு வகுப்பறையும் ஒரு மணித்தியாலமும் தந்தால் போதும். இரண்டு மாணவத் தலைவர்களையும் அன்றைக்குக் கூட்டி வாருங்கள், அணிக்குள் முதலில் விசயம் தெரிவது அவர்களுக்குத்தான்.

இப்படிக்கு,
ஓர் இயன்மருத்துவர்,
கொழும்பு 6.